மூடிய நிலத்துக்கு வரி: மழைநீர் மாசைத் தடுக்க லொஸ் ஏஞ்சல்ஸ் பணம் தேடிய விதம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் பிரதேசத்தில் மழை ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டுமே வந்துபோகும் விருந்தாளி. கோடை முழுவதும் வானம் வரண்டு கிடக்கும். பின்னர் ஒருநாள் மழை பெய்ததும் அங்குள்ள பொதுச் சுகாதாரத் திணைக்களம் வழமையான அறிவித்தலொன்றை விடுக்கும். அடுத்த மூன்று நாட்களுக்குக் கடலில் இறங்க வேண்டாம் என்பதும், விசேடமாக வடிகான்களும் ஓடைகளும் ஆறுகளும் கடலுடன் கலக்கும் இடங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதுமே அந்த அறிவித்தலின் சாரமாகும். உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் நாடிவரும் கடற்கரைகள், வானத்திலிருந்து விழுந்த தூய நீரினாலேயே குளிக்கத் தகாதனவாகி விடுகின்றன.

இதற்கான காரணம் அந்நகரங்களின் அடித்தளத்தில் இருக்கின்றது. அங்கு மலக்கழிவு நீர் செல்லும் குழாய்கள் வேறு, மழைநீர் செல்லும் வடிகான்கள் வேறு. முன்னையது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கின்றது. பின்னையதோ எவ்விதச் சுத்திகரிப்புமின்றி நேராகக் கடலை அடைகின்றது. கோடையின் மாதக்கணக்கான நாட்களில் வீதிகளில் சிந்திய இயந்திர எண்ணெய், வாகனங்களின் தடுப்புக் கட்டைகள் தேய்ந்து உதிர்ந்த செப்புத் தூள், டயர்களிலிருந்தும் துத்தநாகம் பூசிய கூரைகளிலிருந்தும் வரும் துத்தநாகம், புற்றரைகளுக்கு இட்ட உரம், பூச்சிநாசினி, நாய்களின் மலம், சிகரெட் துண்டுகள், பொலித்தீன் பைகள் யாவும் முதல் மழையுடன் ஒருசேரக் கழுவப்பட்டுச் செல்கின்றன. முதல் மழைநீரே பெரும்பாலும் மிக அழுக்கானதாக இருப்பதன் காரணமும் அதுவே.

இது வெறும் அருவருப்புச் சார்ந்த விடயமல்ல. சாந்த மொனிக்கா விரிகுடாவில் 1995 ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று, வடிகான் வாயிலுக்கு முன்னால் நீந்தியவர்களையும் அதிலிருந்து 400 யார் தூரத்துக்கு அப்பால் நீந்தியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வடிகானுக்கு அருகில் நீந்தியவர்களிடையே காய்ச்சல், காதிலிருந்து நீர் வடிதல் போன்ற உபாதைகள் கூடுதலாகக் காணப்பட்டன. ஒரே கடல், ஒரே நாள், சில நூறு யார் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நோய் புகுந்துகொண்டது.

மழைநீர் இவ்வாறு விரைந்து கடலுக்கு ஓட வேண்டும் என்பது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1914 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை அடுத்து 1915 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு அதிகாரசபை உருவாக்கப்பட்டது. (கவுன்டி என்பதை நமது மாவட்டத்துக்கு ஒப்பான நிர்வாக அலகாகக் கொள்ளலாம். எனினும் தெரிவு செய்யப்பட்ட ஐந்து மேற்பார்வையாளர்களைக் கொண்ட சபையொன்று அதனை ஆள்கின்றது.) 1938 இல் மீண்டும் வெள்ளம் வந்து நூறு பேரளவில் உயிரிழந்தனர். அதன் பின்னர் அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படைப்பிரிவு, 51 மைல் நீளமான லொஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றின் பெரும்பகுதியைக் கொங்கிரீட்டினால் கட்டி ஒரு பெரும் வாய்க்காலாக மாற்றியது. வெள்ளத்தை எவ்வளவு விரைவாகக் கடலில் சேர்க்கலாம் என்பதே அன்றைய பொறியியலாளரின் ஒரே கேள்வி. உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மண்ணில் தங்கி, ஊறி, வடிகட்டப்பட்டு நிலத்தடி நீராக வேண்டிய மழை, அழுக்கைச் சுமந்துகொண்டு ஓடும் வாகனமாக மாறிற்று.

அமெரிக்க காங்கிரஸ் 1972 இல் நிறைவேற்றிய தூய நீர்ச் சட்டம் முதலில் தொழிற்சாலைக் குழாய்களையும் மலக்கழிவு நிலையங்களையுமே குறிவைத்தது. குழாய் இருந்தால் அதன் உரிமையாளர் இருப்பார். உரிமையாளர் இருந்தால் அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம். மழைநீருக்கோ உரிமையாளர் எவருமில்லை. 1987 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே நகரங்களின் மழைநீர் வடிகான்களுக்கும் அனுமதிப்பத்திரம் அவசியமாயிற்று. 1990 இல் பெரிய நகரங்களுக்கும், 1999 இல் சிறிய நகரங்களுக்கும் அதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. வடிகானிலிருந்து வெளியேறும் அழுக்குக்கு இனி அந்நகரமே பொறுப்பு. சட்டம் பொறுப்பைச் சுமத்திற்று. பணத்தைக் கொடுக்கவில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டிக்குள் 88 நகரங்கள் உள்ளன. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழ்கின்றனர். மேற்பக்கத்து நகரமொன்றில் வீதியில் வீசப்படும் போத்தல், ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள லோங் பீச் நகரின் கரையில் ஒதுங்குகின்றது. அந்தக் குப்பையை அள்ளும் செலவு, அதை வீசாத லோங் பீச் நகரத்தாரின் தலையில் விழுகின்றது. ஆற்றில் குப்பையே சேரக்கூடாது என்ற வரையறை 2001 இல் விதிக்கப்பட்டபோது பல நகரங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.

குப்பையையாவது கண்ணால் காணலாம். நீரில் கரைந்த செம்பும் கிருமியும் எந்த நகரத்துக்கு உரியவை? இக்கேள்வி ஒரு பெரும் வழக்காகவே உருவெடுத்தது. 2008 இல் சுற்றாடல் அமைப்புகள் இரண்டு வெள்ளக் கட்டுப்பாட்டு அதிகாரசபை மீது வழக்குத் தொடுத்தன. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் மாசு இருப்பது ஆறுகளிலுள்ள அளவீட்டு நிலையங்களிலேயே பதிவாகியிருந்தது. ஆனால் அந்த நீர் பல நகரங்களின் நீர் ஒன்றாகக் கலந்தது, அதில் எம்முடைய பங்கு எது என நிரூபிக்கப்படவில்லை என அதிகாரசபை வாதிட்டது. வழக்கு 2013 ஜனவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்று, அங்கு ஒரு குறுகிய சட்டப் பிரச்சினை மட்டும் அதிகாரசபைக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதிப்பத்திரத்தின் வாசகத்தையே அடிப்படையாகக் கொண்டு அதிகாரசபை பொறுப்பாளி எனத் தீர்ப்பளித்தது. யாருடைய அழுக்கு என்ற கேள்விக்கு விஞ்ஞானம் விடை தராவிடினும் சட்டம் ஒரு விடையைத் தந்தாக வேண்டியிருந்தது.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு நகரம் இத்தகைய வேலைகளுக்குப் பணம் தேட முதலில் நாடுவது கடன் பத்திரத்தையே. லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரம் அதையே செய்தது. 2004 நவம்பரில் ‘ஓ’ பிரேரணை எனப்பட்ட 500 மில்லியன் டொலர் கடன் திட்டம் வாக்காளர்களின் பேராதரவைப் பெற்றது. அதன் பயன்கள் இன்றும் கண்முன்னே உள்ளன. பழைய பஸ் தரிப்பிடமொன்று தென் லொஸ் ஏஞ்சல்ஸில் ஈரநிலப் பூங்காவாக மாறிற்று. தாமரைக்குப் பெயர்போன எக்கோ பார்க் ஏரியில் தாமரைகள் முற்றாக அழிந்துபோயிருந்தன. வடிகான் நீர் சேரும் அந்த ஏரியை 2011 இல் மூடி, நீரை வெளியேற்றி, துப்புரவு செய்து, நீர்த்தாவரங்களை நாட்டி 2013 யூன் மாதம் மீளத் திறந்தனர். தாமரை மீண்டும் பூத்தது.

ஆயினும் கடன் பத்திரத்தில் ஒரு பெருங்குறை உண்டு. அதைக் கொண்டு கட்டலாம், பேண முடியாது. கலிபோர்னியச் சட்டப்படி அப்பணத்தை நிலம், கட்டடம் போன்ற நிலையான சொத்துகளுக்கே செலவிடலாம். வடிகான் வாயில்களில் பொருத்தப்பட்ட வலைகளில் சிக்கும் குப்பையை ஆண்டுக்குப் பல தடவை அள்ள வேண்டும். நீர் ஊறும் குழிகளில் படியும் சேற்றை அகற்றாவிடின் சில ஆண்டுகளில் அவை வெறும் பள்ளங்களாகிவிடும். சேறு அள்ளும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஆண்டுதோறும் வரும் வருமானம் வேண்டும். எனவேதான் ஆதனங்கள் மீதான அறவீடு என்ற எண்ணம் முன்னுக்கு வந்தது. அது புதியதன்று. வோஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974 இலேயே மழைநீருக்கெனத் தனியான கட்டணச் சேவையொன்றை ஏற்படுத்தியிருந்தது.

ஆனால் கலிபோர்னியாவில் ஆதனத்தின் மீது கைவைப்பது இலகுவான காரியமல்ல. 1978 இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13 ஆம் இலக்கப் பிரேரணை, ஆதன வரியை ஆதனத்தின் பெறுமதியில் ஒரு சதவீதத்துக்குள் மட்டுப்படுத்தியது. அந்தப் பெறுமதியும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயர முடியாது. விற்கப்படும்போது மட்டுமே அது சந்தை விலைக்கு மாறும். இதனால் ஒரே மாதிரியான இரு அயல்வீடுகளில் ஒருவர் மற்றவரைவிடப் பல மடங்கு வரி செலுத்தும் நிலை தோன்றிற்று. வருமானம் வற்றிய உள்ளூராட்சி அமைப்புகள் வேறு பெயர்களில் அறவீடுகளைக் கண்டுபிடித்தன. மக்கள் இதையும் கண்டுகொண்டனர். 1996 இல் நிறைவேறிய 218 ஆம் இலக்கப் பிரேரணை அந்த வாசல்களையும் அடைத்தது.

அப்பிரேரணையின்படி உள்ளூராட்சி அமைப்பொன்றுக்கு மூன்று வழிகள் எஞ்சின. முதலாவது மதிப்பீட்டு அறவீடு. ஒவ்வொரு காணிக்கும் கிடைக்கும் விசேட நன்மையைப் பொறியியலாளர் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். உரிமையாளர்கள் தாம் செலுத்தவேண்டிய தொகைக்கு ஏற்ற நிறையுடன் வாக்களிப்பர். எதிர்ப்பு மிகுந்தால் அறவீடு இல்லை. கடற்கரை சுத்தமாவதால் மலையடிவாரத்திலுள்ள காணிக்கு என்ன விசேட நன்மை என்று எந்தப் பொறியியலாளரால் கணக்கிட்டுக் காட்ட முடியும்? இரண்டாவது ஆதனம் சார்ந்த கட்டணம். இதற்கு ஆதன உரிமையாளரில் பெரும்பான்மையோர் அல்லது வாக்காளரில் மூன்றில் இரு பங்கினர் இணங்க வேண்டும். மூன்றாவது விசேட வரி. அதற்கும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் சம்மதம் தேவை.

குடிநீர், மலக்கழிவு, குப்பை அகற்றல் ஆகிய மூன்று சேவைகளின் கட்டணங்களுக்கு மட்டும் வாக்கெடுப்பு அவசியமில்லை. உரிமையாளரில் பெரும்பான்மையோர் எழுத்துமூலம் எதிர்க்காவிடின் போதும். மழைநீர் வடிகானும் ஒரு வகைக் கழிவுநீர்க் குழாய்தானே என்று கருதி சலீனாஸ் என்ற நகரம் 1999 இல் வாக்கெடுப்பின்றியே கட்டணம் விதித்தது. வரி செலுத்துவோர் சங்கமொன்று வழக்குத் தொடுத்தது. சட்டத்திலுள்ள அந்தச் சொல் மலக்கழிவையே குறிக்கும், மழைநீரைக் குறிக்காது என 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருளில் மாநிலத்தின் அத்தனை நகரங்களினதும் வடிகான் நிதி தொங்கி நின்றது. பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 2017 இல், அச்சொல்லுக்குள் மழைநீரும் அடங்கும் என 231 ஆம் இலக்கச் சட்டமூலம் வரைவிலக்கணம் கொடுத்தது. அதை நம்பித் துணிந்து இறங்கப் பல நகரங்கள் தயங்கின. மக்கள் வாக்களித்து அரசியலமைப்பில் சேர்த்த சொல்லைச் சட்டசபை மாற்றி விளக்கலாமா என்ற ஐயமே அதற்குக் காரணம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியின் முதல் முயற்சி 2013 இல் தோல்வியுற்றது. அத்தோல்வியே இக்கதையில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி எனலாம். ஆதனம் சார்ந்த கட்டணம் என்ற இரண்டாவது வழியை அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தனர். சாதாரண வீடொன்றுக்கு ஆண்டுக்கு 54 டொலரளவில் வரும் என மதிப்பிடப்பட்டது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆதனங்களின் உரிமையாளர்களுக்குத் தபாலில் அறிவித்தல்கள் அனுப்பப்பட்டன. அவற்றைப் பெற்ற பலர் விளம்பரத் துண்டுப்பிரசுரம் என எண்ணிக் குப்பையில் எறிந்துவிட்டதாக முறையிட்டனர். வாக்கெடுப்பும் பொதுத் தேர்தலில் நடைபெறாமல் தபால் மூலம் நடைபெறுவதாக இருந்தது. நமக்குத் தெரியாமல் நம் பையில் கைவைக்கின்றார்கள் என்ற உணர்வு பரவியது. பரந்த விளையாட்டு முற்றங்களும் நீண்ட கூரைகளும் கொண்ட பாடசாலைகள், தமது வகுப்பறைப் பணம் வடிகானில் போகுமென முறையிட்டன. தேவாலயங்களும் வர்த்தக சங்கங்களும் எதிர்த்தன. எந்தெந்த வேலைகள் எங்கெங்கே செய்யப்படும் என்ற தெளிவான பட்டியலும் இருக்கவில்லை. ஜனவரி மாதத்துப் பகிரங்க விசாரணையில் எதிர்ப்புக் குரல்கள் ஓங்கின. மார்ச் மாதத்தில் மேற்பார்வையாளர் சபை அத்திட்டத்தை வாக்கெடுப்புக்கு விடாமலேயே கிடப்பில் போட்டது.

எதிர்த்தவர்கள் அனைவரையும் சுற்றாடலின் பகைவர் எனத் தள்ளிவிடுவது நியாயமாகாது. எவ்வளவு தருகிறோம் என்பது தெரிந்து, எதற்காகத் தருகிறோம் என்பது தெரியாவிட்டால் எவரும் சினம் கொள்வர். கிழக்குக் கரையிலுள்ள மேரிலன்ட் மாநிலத்தில் 2012 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பெரிய பத்து உள்ளூராட்சிப் பிரிவுகள் மழைநீர்க் கட்டணம் அறவிட வேண்டுமெனப் பணித்தது. எதிராளிகள் அதற்கு ‘மழை வரி’ என்று பெயரிட்டனர். பெயர் ஒட்டிக்கொண்டது. ஃப்ரெடெரிக் கவுன்டி சட்டத்தைப் பரிகசிப்பது போல ஆதனமொன்றுக்கு ஆண்டுக்கு ஒரேயொரு சதம் கட்டணம் விதித்தது. 2014 தேர்தலில் மழை வரியைச் சாடிப் பிரசாரம் செய்த லரி ஹோகன் ஆளுநராகத் தெரிவானார். 2015 இல் கட்டாயம் நீக்கப்பட்டு, விரும்பினால் அறவிடலாம் என்ற நிலை உருவானது. மழைக்கு வரி விதிக்கப்படவில்லை, மழையை உள்ளே விடாத நிலத்துக்கே வரி விதிக்கப்படுகின்றது என்ற விளக்கம் அந்த இரண்டு சொற்களுக்கு முன்னால் எடுபடவில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, வரட்சியின் கடுமையை மக்கள் அனுபவித்த பின்னர், 2018 நவம்பர் 6 ஆம் திகதி பொதுத் தேர்தலிலேயே ‘டபிள்யூ’ பிரேரணையை முன்வைத்தது. இம்முறை தெரிந்தெடுத்தது விசேட வரி என்ற மூன்றாவது வழி. இதற்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை என்பதால் இதுவே கடினமானதாகத் தோன்றும். ஆனால் இதில் ஆதன உரிமையாளர் மட்டுமன்றி வாடகைக்கு இருப்போர் உட்பட எல்லா வாக்காளரும் வாக்களிக்கலாம். கடலில் குளிப்பவர் எல்லோரும் காணிச் சொந்தக்காரர் அல்லவே. வாடகைக்காரர் வாக்களிக்க வீட்டுச் சொந்தக்காரர் வரி கட்டுவதா என்ற கேள்வி எழாமலில்லை. அந்த வரி வாடகையின் வழியே வாடகைக்காரரையும் வந்தடையும் என்பதே அதற்கான பதிலாக இருக்க முடியும். 66.7 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 69 சதவீதத்தினர் ஆம் என்றனர்.

வரியின் கணக்கு எளிமையானது. ஒரு காணியில் மழைநீர் உட்புகாதவாறு மூடப்பட்ட பரப்பு எவ்வளவோ அதில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஆண்டுக்கு 2.5 சதம். கூரை, கொங்கிரீட் முற்றம், தாரிட்ட வாகனத் தரிப்பிடம் யாவும் இதில் அடங்கும். புற்றரையும் மரத்தடி மண்ணும் அடங்கா. வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு பரப்பு கணிக்கப்பட்டது. கணக்குத் தவறெனக் கருதும் உரிமையாளர் மேன்முறையிடலாம். சாதாரண தனி வீடொன்றுக்கு ஆண்டுக்கு 83 டொலரளவில் வரும் எனக் கூறப்பட்டது. அதாவது 3,300 சதுர அடி மூடிய நிலம். பத்து ஏக்கர் முழுவதையும் தாரும் கூரையுமாக மூடிய அங்காடித் தொகுதியொன்றை எடுத்துக்கொண்டால் 4,35,600 சதுர அடிக்கு 10,890 டொலர் வரும். இந்த அறவீட்டின் மூலம் ஆண்டுக்கு 285 மில்லியன் டொலரளவில் கிடைக்குமென எதிர்பார்க்கப்பட்டது.

இந்த அடிப்படை நமது வாசகருக்குப் புதிதாகத் தோன்றலாம். நமது நாட்டில் உள்ளூராட்சி சபைகள் ஆதன வரியை, யாழ்ப்பாணத்தவர் பழகிய பெயரில் சொன்னால் சோலைவரியை, வருடாந்தப் பெறுமதியைக் கொண்டே அறவிடுகின்றன. அந்த ஆதனத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதே அப்பெறுமதி. மாமரமும் மணல் முற்றமுமாக மழையை உள்வாங்கும் வளவும், மதில் முதல் மதில் வரை சீமெந்து பூசிய வளவும் வாடகைக் கணக்கில் ஒன்றாகவே நிற்கக்கூடும். அடைமழை நாளில் வீதி வடிகானுக்கு அவை அனுப்பும் நீரோ ஒன்றல்ல. லொஸ் ஏஞ்சல்ஸின் அளவுகோல் அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கின்றது. காணியை எப்போது வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார் என்று அது கேட்பதில்லை என்பதால், 13 ஆம் இலக்கப் பிரேரணை உண்டாக்கிய அயல்வீட்டு ஏற்றத்தாழ்வும் இதில் கிடையாது.

குறைகள் இல்லாமலில்லை. எண்ணெய் வழியும் வாகனத் திருத்தகத்தின் தரையும், கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் முற்றமும் ஒரே பரப்பாயின் ஒரே வரிதான். அழுக்கை அளக்க முடியாததால் நிலத்தை அளக்கிறார்கள். பெறுமதி மிக்க சிறிய காணிக்காரரைவிட, மலிவான பெரிய காணிக்காரர் கூடுதலாகச் செலுத்த நேரலாம். அரச ஆதனங்களுக்கும், பொதுப் பாடசாலைகளுக்கும், ஆதன வரியிலிருந்து விலக்குப் பெற்ற இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கும் விலக்களிக்கப்பட்டது. 2013 இல் வாயில்களில் நின்று எதிர்த்தவர்களை இவ்வாறு அமைதிப்படுத்தினர் எனக் கூறினால் தவறாகாது. பாடசாலையின் தார் முற்றமும் மற்றவருடையதைப் போலவே அழுக்கைக் கடலுக்கு அனுப்புகின்றது என்பது வேறு விடயம். வருமானம் குறைந்த முதியோரின் சொந்த வீடுகளுக்கும் விலக்கு உண்டு. தனது நிலத்திலேயே மழைநீரைத் தேக்கி ஊறச் செய்பவருக்கு வரிக் கழிவு வழங்கப்படுகின்றது. என் பார்வையில் இத்திட்டத்தின் மிகவும் பயனுள்ள கூறு இந்தக் கழிவே. ஏனைய விலக்குகள் வாக்குகளைத் தேடித்தந்தன, இதுவோ மண்ணைத் திறக்கத் தூண்டுகின்றது.

பணத்தைப் பங்கிடும் விதமும் வாக்காளர் முன் வெளிப்படையாக வைக்கப்பட்டது. 40 சதவீதம் அந்தந்த நகரங்களுக்கு, அங்கிருந்து திரட்டப்பட்ட வரியின் விகிதத்தில் திரும்பும். 50 சதவீதம் ஒன்பது நீரேந்து பிரதேசங்களின் பொதுவான பெரிய வேலைகளுக்குச் செல்லும். எஞ்சிய 10 சதவீதம் வெள்ளக் கட்டுப்பாட்டு அதிகாரசபைக்கு. நகர எல்லையை நீர் மதிப்பதில்லை என்பதால் நீரேந்து பிரதேசம் என்ற அலகு அவசியமாயிற்று. மேலே உள்ளவரின் குப்பையை அள்ளிவந்த லோங் பீச்சுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. நகரங்கள் தமக்குரிய பங்கில் 30 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே செய்துவந்த வேலைகளுக்குச் செலவிட முடியாது. புதிய பணம் வந்ததும் பழைய பணத்தை வேறு வழிக்குத் திருப்பிவிடும் தந்திரம் எல்லா நாட்டு உள்ளூராட்சிக்கும் பொதுவானது. இந்த வரம்பு அதற்குப் போடப்பட்ட கடிவாளம்.

வரி அறவீடு 2019-20 நிதியாண்டிலிருந்து ஆரம்பமாயிற்று. பணம் சேர்ந்த வேகத்தில் வேலைகள் நடைபெறவில்லை என்ற விமர்சனத்தைச் சுற்றாடல் அமைப்புகளே முன்வைத்து வந்துள்ளன. பூங்காவின் அடியில் நீர்த்தொட்டி அமைப்பதாயினும், வீதியோரத்தைத் தோண்டி நீர் ஊறும் பாத்தி அமைப்பதாயினும் திட்டம், அனுமதி, கேள்விப்பத்திரம் என ஆண்டுகள் கழிகின்றன. இன்றும் அங்கு மழைநீரைப் பெருமளவில் நிலத்துக்குள் சேர்ப்பவை பல தசாப்தங்களுக்கு முன்னர் அமைக்கப்பட்ட அணைகளும் பரந்த ஊறற் படுகைகளுமே. புதிய வரியின் வேலைகளில் பல நகருக்குள்ளே சிறிது சிறிதாகப் பரவிக் கிடப்பவை. அவற்றின் பயனை ஒரே மழைக்காலத்தில் அளந்துவிட முடியாது.

வரியே தேவைப்படாத தடுப்பு முறையொன்றும் இதே மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. வீதி நீரில் சேரும் செம்பின் முக்கிய ஊற்று வாகனத் தடுப்புக் கட்டைகள் எனக் கண்டறியப்பட்டதும், அவற்றிலுள்ள செம்பை 2021 அளவில் 5 சதவீதத்துக்கும், 2025 அளவில் 0.5 சதவீதத்துக்கும் கீழே குறைக்க வேண்டுமென 2010 இல் சட்டமியற்றப்பட்டது. செம்பை நீரிலிருந்து பிரிக்க ஆயிரம் தொட்டிகள் கட்டுவதைவிட, அதை வீதிக்கே வரவிடாமல் தடுப்பது மலிவானது. ஆனால் நாய் மலத்துக்கும் சிகரெட் துண்டுக்கும் தொழிற்சாலையில் வைத்து அளவு குறிக்க முடியாது. அவை வலையிலும் மண்ணிலும்தான் நிறுத்தப்பட வேண்டும். அந்த வலையை ஒருவர் துப்புரவு செய்தாக வேண்டும்.

வரிக்கு முடிவுத் திகதி எதுவும் விதிக்கப்படவில்லை. 30 ஆண்டுகளின் பின்னர் அதன் தேவை மீளாய்வு செய்யப்படும். வீதமோ சதுர அடிக்கு 2.5 சதம் என நிலையாக நிற்கின்றது. சேறு அள்ளும் தொழிலாளியின் சம்பளமும் சீமெந்தின் விலையும் அவ்வாறு நிற்பதில்லை. இந்த வீதத்தை அரைச் சதம் உயர்த்த வேண்டுமாயினும் சபை மீண்டும் வாக்காளரிடமே சென்று, மூன்றில் இரு பங்கினரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும்.